பொட்டு வைத்த ஸ்மார்ட் போர்டு

ஸ்மார்ட் போர்டு எங்கள் பள்ளிக்கு வந்த வாரம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்திருக்க, விரலை நாக்கில் நனைத்துக்கொண்டு அதில் பக்கம் புரட்டப் போனவன் நான். ஆயுள் முழுக்கத் தமிழ்ப் புத்தகம் புரட்டிய விரல், அதற்கென்ன தெரியும்? பிள்ளைகள் சிரித்து ஓயும்வரை வாசலில் நின்றிருந்த அறிவியல் டீச்சர் உள்ளே வந்து, “அதுக்கு எச்சி வேணாங்கய்யா, சும்மா தள்ளுனாப் போதும்” என்றார். குரலில் கேலியே இல்லை. அதனால்தான் கூடுதலாகக் கூசியது.

அரிமளத்துக்கு அங்கிட்டு இருக்கிற பள்ளி எங்களுடையது. டீச்சர் இப்போது மாறுதலாகிக் கறம்பக்குடிப் பக்கம் போய்விட்டார். அந்தப் போர்டை வைத்து உண்மையாகவே பாடம் நடத்தியவர் அவர் ஒருவர்தான். நாங்களெல்லாம் பாடப்புத்தகத்தையே அதில் பெரிதாக்கிக் காட்டி, வாசிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வோம். அதற்கு நவீனக் கற்பித்தல் என்று பெயர். டீச்சரோ துடிக்கிற இதயத்தைத் திரையில் ஓடவிட்டு, ஒரு வால்வை விரலால் மூடி, “இப்ப ரத்தம் எங்கிட்டுப் போகும், வந்து காட்டு” என்பார். பத்தாம் வகுப்பில் வாயே திறக்காத பெண் பிள்ளைகள்கூட முண்டியடித்து எழுந்து போவார்கள்.

ஆயுதபூஜை வந்தது. தலைமையாசிரியர் பக்திமான். பீரோ, மணி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் வைத்ததுபோலப் போர்டின் சட்டத்துக்கும் நாலு மூலையிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தார். லீவு முடிந்து திறந்தால் போர்டுக்குப் பேய் பிடித்திருந்தது. இதயத்தைத் திறந்தால் தானாக மூடிக்கொள்கிறது. ஒன்றைத் தொட்டால் வேறொன்று வருகிறது.

“சட்டத்துக்குள்ள ஓடுற வெளிச்சத்தச் சந்தனம் மறைக்குதுங்க சார். யாரோ வெரல எடுக்காம வச்சிருக்காங்கன்னு போர்டு நெனச்சுக்கிருது. தொடச்சாச் சரியாயிரும்” என்றார் டீச்சர்.

“பூச போட்ட பொட்ட அழிக்கவா? ஸ்கூலு வெளங்குமா? தெனமும் பிள்ளைகள விட்டுத் தேய்ச்சா என்னத்துக்காகும்? ஆபீசர் வரும்போது போட்டாப் போதும்னு அப்பவே சொன்னேன்ல!” என்று எகிறினார் தலைமையாசிரியர்.

போர்டு இருந்த அறை பூட்டப்பட்டது. அரசாங்கச் சொத்தைப் பாழாக்கியதற்கு விளக்கம் கேட்டு டீச்சருக்கு மெமோ. அவர் மறுபடி சாக்பீஸால் இதயம் வரைந்தார், அழகாகத்தான் வரைந்தார். “இது எப்ப டீச்சர் துடிக்கும்?” என்று ஒரு பிள்ளை கேட்டதை வராந்தாவில் போன நானே காதால் கேட்டேன்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம், சம்பளக் கமிஷன் விஷயத்தில்கூட வந்ததில்லை. பிள்ளைகள் தொடத்தான் அந்தப் பொருளையே அனுப்பியிருக்கிறார்கள். தொட்டால் குற்றம், கும்பிட்டால் பராமரிப்பு! பயன்படுத்துகிறவர்தான் பாழாக்குகிறவர் என்றால், எதையுமே தொடாத நாங்களெல்லாம் நல்லாசிரியர்கள். தலைமையாசிரியரைக் கையோடு அழைத்துப்போய் அறையைத் திறக்கவைத்தேன். “சாமி குத்தம் என்னயச் சேரட்டும்” என்று சொல்லி, என் கைக்குட்டையை நனைத்து நாலு மூலையையும் துடைத்தேன். திரையில் இதயம் சமர்த்தாகத் துடித்தது. அதைவிட வேகமாக என்னுடையது.

தலைமையாசிரியர் துடைத்த மூலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, “சரி, மெமோவ விட்ருவோம்” என்றார். சாவியைக் கொத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்தார். “சீனியர் நீங்க. ஒங்க பொறுப்புலயே இருக்கட்டும்.”

போரில் வென்ற மன்னனாக ஆசிரியர் அறைக்குள் நுழைந்து, நடந்ததையெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி, சாவியை உயர்த்திக் காட்டினேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்து, சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“போர்ட நான் தொடக்கூடாதுன்னு ஒருத்தர் சாவி வச்சிருந்தாரு. இப்ப அது ஒங்க கையில இருக்கு. அம்புட்டுத்தானங்கய்யா?”