சி.டி.க்குள் போன போனக்காட்டு ஆட்டம்

கலைச்செல்வி எனக்கு ஆறாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. அவள் எழுதிய விளையாட்டுப் புத்தகத்தை 2001-ல் பழவங்காடிக் கடைத்தெருவில் என் அச்சகத்தில் கடனுக்கு அடித்துக் கொடுத்த பாக்கி. நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தவன். அதை வைத்தே மூன்று மெஷின் போட்டவன். கடனைத் தள்ளச் சொல்லி யாரிடமும் நின்றதில்லை, யாருக்கும் தள்ளியதுமில்லை.

அவள் மலைமேல் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். என்னிடம் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலைக்கு வந்தாள். அவள் புத்தகத்தில் இருந்தது ஒரு ஆட்டம்: மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் கங்காணி, ஒருவர் கொழுந்து கிள்ளுகிறவள் என்று வேஷம் ஏற்றுப் பேசியே ஆடுவது. பகடை விழுவதைப் பார்த்துக் கதை நகரும். முதல் பக்கத்தில் ஒரு அனுமதி போட்டாள்: யாரும் அச்சடிக்கலாம், மாற்றலாம், விற்கலாம்; ஆனால் அச்சடிக்கிறவர் தான் மாற்றிய விதிகளை மறைக்காமல் மற்றவர்களுக்கும் அதே அனுமதியோடு விட வேண்டும். அச்சகத்தில் இருந்த எங்களுக்குக் காகிதத்தைத் தாண்டி யோசிக்கத் தெரியவில்லை.

இரண்டு வருஷத்தில் ஷாஜி என்ற கம்ப்யூட்டர்க்காரன் அதை சி.டி. ஆக்கினான். பகடையும் கணக்கும் மெஷின் பார்த்துக்கொள்ளும். விதிகளில் பாதியை மாற்றியிருந்தான்; எதை என்று ஆடுகிறவனுக்குத் தெரியாது. அந்த நிபந்தனை என்னாயிற்று என்று அவள் கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

"அது அச்சடிக்கிறவங்களுக்குல்லா அக்கா? நான் அச்சடிக்கல்லல்லோ" என்றான்.

"உன் புரோகிராம் எனக்கு வேண்டாம் தம்பி, அது உன் உழைப்பு. ரூலை மட்டும் படிக்கிற மாதிரி ஒரு பைல்ல வை. எதனால தோத்தோம்னு ஆடுறவன் பாக்கட்டும்."

எனக்கே நியாயமாகப் பட்டது. அவனோ, சி.டி.க்கு அந்த நிபந்தனை கிடையாது என்று கையெழுத்துப் போட்டால் எட்டாயிரம் தருவதாகச் சொன்னான். அவள் படியிறங்கிவிட்டாள்.

அந்த சி.டி. இன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடுவதில்லை. அவன் சேர்த்த நல்ல மாற்றங்களும் அதற்குள்ளேயே அழிந்துபோயின.

ஷாஜியைப் பார்த்துவந்த அடுத்த மாதம் அவள் அப்பா நோயில் படுத்துவிட்டார். அவள் வேலையை விட்டுவிட்டு மலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பாக்கியை மெதுவாகத் தரலாம் என்றேன். பாக்கியே வேண்டாம் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"நல்லாயிருக்கு. பாக்கி வச்சிட்டு மலையேறிட்டாள்னு ஊரெல்லாம் சொல்லுவிய, அண்ணாச்சி" என்று சிரித்தாள். "ஷாஜிகிட்ட கையெழுத்துப் போட்டுட்டேன். கையை நீட்டுங்க."

நீட்டினேன். நூறு நூறாக ஆறாயிரத்தையும் உள்ளங்கையில் எண்ணி வைத்தாள்.