இடப்பக்கமே திரும்பிய விமானம்

என் நண்பன் இறந்து ஆறு வருடமாகிறது. அவனைப் பற்றி யாரிடமும் அதிகம் பேசியதில்லை. பேசுவதென்றாலே எனக்குச் சிரமம்.

அவன் எங்கள் தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கும் தச்சன். எனக்கு மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலை. துரை பங்களாவில் கழித்துப்போட்ட ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் சின்ன விமானம் செய்யும் படங்கள் இருந்தன. இருவருமே ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்துச் செய்தோம். மூங்கில் சீவிச் சட்டம் கட்டி, பெட்டிக்குள் விரிக்கும் மெல்லிய தாளைக் கஞ்சி தடவி ஒட்டினால் இறக்கை. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி முறுக்கிவிட்டால் முன்னால் காற்றாடி சுற்றும்.

"ரெண்டு பேரும் டிக்கெட் இல்லாம கடல் தாண்டி இந்தியா போகப் போறாங்கடோய்" என்பார் கங்காணி.

காலையில் பேர் போடும் பெரட்டுக் களத்திலிருந்து விட்டால், ஓடையைத் தாண்டி, தோட்டத்தின் அடுத்த டிவிசன் மைதானத்தில் இறங்க வேண்டும். அதுதான் அவன் ஆசை.

அந்த வருடம் மழை விடவில்லை. அவனுக்கு நெஞ்சில் சளி முற்றியிருந்தது. புது இறக்கையை ஒட்டி என்னிடம் கொடுத்து, "சூடு காட்டாத மச்சான், தானா காயட்டும்" என்றான். மூன்று நாளாகியும் தாள் பிசுபிசுத்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பறக்கவிட வேண்டுமென்று எனக்கு அவசரம். மழைக்காலத்தில் நனைந்த சட்டைகளை நாங்கள் கொழுந்து வாட்டும் தட்டுக்கு மேலே மாட்டிவிடுவோம். சூடான காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். இறக்கையையும் அங்கேயே மாட்டினேன். பிற்பகலில் எடுத்தபோது ஒரு முனை லேசாகக் கோணியிருந்தது. கையால் அழுத்தினேன். சரியாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. விமானம் எழும்பியது. ஓடைவரைகூடப் போகவில்லை. இடப்பக்கம் வளைந்து வந்து, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரையில் விழுந்தது.

"எங்க விட்டாலும் லயத்துக்கே வருது பாரு, நம்மளப் போலவே" என்று சிரித்தான். சிரிப்பு இருமலானது. பிறகு இறக்கையைத் தடவிப் பார்த்து, "என் கைதான் நடுங்கியிருக்கு. சமமா சீவல" என்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம்.

அதன்பின் படுக்கையில் இருந்தபடியே மூங்கில் சீவினான். ஒவ்வொரு குச்சியையும் விரலில் நிறுத்திப் பார்த்து, "இதுவும் சரியில்ல" என்று கீழே போடுவான். இருபது வருடம் பெட்டி அடித்த கையை அவன் சந்தேகிப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்குச் சொல்லலாமென்று எழுந்து வருவேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லாரியிலும் அவன் தலைமாட்டில் நான்தான் இருந்தேன். நான்காம் நாள் அதே லாரியில் உடலைக் கொண்டுவந்தோம்.

கருமாதி முடிந்து எல்லோரும் போனபின், இறக்கையைக் கெடுத்தது நான்தானென்று அவன் மனைவியிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"அவருகிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே. கடைசி வரைக்கும் தன் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு."

கழுவியதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்" என்றாள்.

உட்கார்ந்து குடித்தேன். வேண்டாமென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.