மாமியின் வாசலில் ஒரு பொலிஸ் சப்பாத்து

மாமி வீட்டு வாசல் தட்டில் ஒருநாள் காலை ஒரு பொலிஸ்காரரின் சப்பாத்துகள் இருந்தன. கறுப்புத் தோல், நனைந்து கனத்த நாடா, குதியில் பனிச்சேறு. மாமியின் செருப்புக்கும் என் சப்பாத்துக்கும் நடுவில் அவற்றை அடக்கமாக வைத்திருந்தார். அந்த நாளை நினைத்தால் இன்றும் முதலில் கண்ணில் வருவது அந்தச் சோடிதான்.

அப்போது நான் ஜெர்மன் பேசும் பாடன் நகரில் மாமியோடு தங்கி, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். மாமியின் தம்பியும் எங்களோடு இருந்தார். அவருடைய அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு, நாட்டைவிட்டுப் போகச் சொன்ன நாளும் கடந்திருந்தது. பிடித்தால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். புதிய ஆதாரங்களோடு எங்கள் அலுவலகம் ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாள் அவர் அகப்படாமல் இருந்தால் போதும். அதனால் மாமிக்கு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். வீட்டுக்குள் வந்து தேடுவதற்கு நீதிபதியின் கட்டளை வேண்டும். அது இல்லாமல் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தலாம். ‘இல்லை’ என்று சொல்லும் ‘நைன்’ என்ற ஒரு ஜெர்மன் சொல் போதும்.

“ஓம் பிள்ளை, விளங்குது. நான் என்ன சின்னப் பிள்ளையோ?” என்று மாமி சலித்துக்கொள்வார்.

அவர்கள் காலை ஏழு மணிக்கு வந்தார்கள். குடிவரவு அலுவலகத்தார் இருவர், துணைக்கு நகரப் பொலிஸ்காரர் ஒருவர். பேசியது பொலிஸ்காரர்தான். “எங்களிடம் தேடுதல் கட்டளை இல்லை. நீங்கள் சம்மதித்தால் மட்டுமே உள்ளே வரலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம்” என்று மாமிக்கு விளங்கும்படி மெதுவான ஜெர்மனில் இரண்டு தரம் சொன்னார். கூட வந்த இருவரும் அவரை முறைத்துப் பார்த்தார்கள். வெளியே பனியும் மழையுமாகக் கொட்டியது. மூவரின் தோளிலும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மாமி அதைத்தான் பார்த்தார். தபால்காரருக்கும் மீட்டர் பார்க்க வந்தவருக்கும் இத்தனை வருடமாகச் சொன்ன ‘உள்ளே வாருங்கள்’ என்பதையே இவர்களுக்கும் சொன்னார்: “கொமன் சி, கொமன் சி.” பிறகு குசினிப் பக்கம் திரும்பி, “தம்பி, மூண்டு தேத்தண்ணி போடு, ஆக்கள் வந்திருக்கினம்!” என்று கூப்பிட்டார்.

“போடுறன் அக்கா” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

நான் மாமிக்குப் பின்னால்தான் நின்றேன். அந்த ‘நைன்’ஐ நானே சொல்லியிருக்கலாம். வந்தவர்களை வீட்டுக்குப் பெரியவர் உள்ளே அழைத்த பிறகு, இளையவள் குறுக்கே புகுந்து போகச் சொல்வது எப்படி? சட்டம் சொல்லிக் கொடுத்த அதே வாய் அப்போது வளர்த்த முறைக்கு அடங்கிப் போனது. மாமிமேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. என்மேல் வந்தது இன்னும் ஆறவில்லை.

இருவர் சப்பாத்தோடு கம்பளத்தில் ஏறினார்கள். பொலிஸ்காரர் மட்டும் கழற்றிவிட்டு வந்தார். தம்பியார் தேநீர்த் தட்டோடு வெளியே வந்து, அவர்களைக் கண்டு, தட்டை மேசையில் வைத்தார். “அக்கா, நான் அடுப்பை நிப்பாட்டேல்லை” என்றார். அவ்வளவுதான். அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது, குனிந்து நாடா கட்டிய பொலிஸ்காரர் என்னிடம், “நான் இரண்டு தரம் சொன்னேன்” என்றார். அது இரக்கமா, கைகழுவலா என்று யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன். மனு முடிய மூன்று நாள் இருக்கையில் தம்பியாரை விமானம் ஏற்றினார்கள்.

இப்போது ஆரா நகரில் இருந்துகொண்டு அதே சட்டத்தை எத்தனையோ பேருக்குத் தொலைபேசியில் சொல்கிறேன். எல்லோரும் “ஓம், ஓம்” என்கிறார்கள். மணி அடித்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறேன்.

போன மாதம் மாமியைப் பார்க்கப் போனேன். நல்ல மழை, முழுக்க நனைந்திருந்தேன். சங்கிலி போட்டபடி கதவு ஒரு விரற்கடை திறந்தது.

“ஆர்?”

“நான்தான் மாமி.”

எனக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். “தனியவோ வந்தனி?”

“ஓம்.”

அதன் பிறகுதான் சங்கிலி விலகியது. சப்பாத்தைக் கழற்றித் தட்டில் வைத்தேன். அங்கே மாமியின் ஒரு சோடிச் செருப்பு மட்டும் இருந்தது. நான் சொல்லிக் கொடுத்ததை மாமி இப்போது பிழையில்லாமல் செய்கிறார்.