எல்லாக் கட்டிலிலும் ஸ்டெல்லா பேர்

ஆயா வேலைக்குப் படிப்பு வேண்டாம், மூக்கு இல்லாமலிருந்தால் போதும் என்பார்கள். நான் சொல்கிறேன், காதும் இல்லாமலிருந்தால் இன்னும் உத்தமம். நாற்றத்தை மூக்கு சீக்கிரம் மறந்துவிடும். ஆனால் நாள் முழுக்க அடுத்தவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் காதில் வாங்கிக்கொண்டே பெட்பேன் அலம்புவது இருக்கிறதே, அதற்கு எந்த பினாயிலும் கிடையாது. வார்டில் நின்று நின்று கால் வீங்கின தோழிமாரே, உங்களுக்கும் ஒரு ஸ்டெல்லா வாய்த்திருப்பாள். என்னுடையவளின் கதையைக் கேளுங்கள்.

வேலை கேட்ட லட்சணம்

மணலியில் ரிஃபைனரி வந்து ஊரெல்லாம் அந்த வாசனை பரவிக்கொண்டிருந்த காலம். அதுவரை நான் ஹார்பர் கேட் வாசலில் ஆப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தேன். போலீஸ்காரன் காலால் அடுப்பை உதைப்பதும், நான் வாயால் அவனை உதைப்பதுமாகப் பிழைப்பு ஓடியது. கடைசியில் அடுப்பு தோற்றது. புருஷன் கப்பல் வேலை என்று போனவன் போனவன்தான். திருவொற்றியூரில் தங்கை வீட்டில், ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் படுத்திருந்தேன். திரைக்கு அந்தப்பக்கமிருந்து தங்கை புருஷன் தினமும் ஒரு பாட்டு: "வந்தவங்க எப்பத்தான் கெளம்புவாங்க?"

ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்தெருவில் வயதானவர்களை வைத்துப் பார்க்கிற நர்ஸிங் ஹோம் ஒன்று இருந்தது. ஆயா வேண்டும் என்றார்கள். போனேன். மேட்ரன் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிடையரானவர்கள். வெள்ளைப் புடவை, வெள்ளை ரவிக்கை, பார்வை மட்டும் கறுப்பு. அவர்கள் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் பின்கட்டுக்குப் போய்விட்டது. அங்கே ஒரு சின்ன ரூம். சுவரில் காரை உதிர்ந்திருந்தது, ஆனால் கதவு இருந்தது, கதவில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. உள்ளேயிருந்து தாழ் போட்டுப் படுத்து எனக்கு எத்தனை காலமாயிற்று!

"அது யாருக்கும்மா?" என்றேன்.

"பர்மனெண்ட் ஆயாவுக்கு. போன மாசம் காலியாச்சு. நீ டெம்பரவரி."

"எப்பம்மா பர்மனெண்ட்டு ஆவும்? சாப்பாடு உண்டா? கை களுவ சோப்பு யாருது? ஞாயித்துக்கெளம பாதி நாளாவது உடுவீங்களா? ஒடம்பு சரியில்லைன்னா இன்னா பண்ணுவீங்க?"

மேட்ரன் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்கள். "நீ வேலைக்கு வந்தியா, இல்லே ஹோமையே விலை பேச வந்தியா?"

குழாயடிப் பந்தி

முதல் நாளே தெரிந்துவிட்டது, அந்த ஹோமில் மூன்று ஜாதி. கட்டிலில் படுத்திருப்பவர்கள் ஒன்று. சமையற்கட்டில் பலகை போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற பர்மனெண்ட் ஆட்கள் ஒன்று. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு, பின்னால் குழாயடியில் அலுமினியத் தட்டோடு நின்றுகொண்டே தின்கிற நாங்கள் மூன்றாவது. குழம்பு எங்களிடம் வரும்போது அதில் காய் இருந்ததற்கான அடையாளம் மட்டும் இருக்கும்.

நான் சும்மா விடுகிற ஆளா? தட்டைத் தூக்கிக்கொண்டு சமையற்காரர் குப்பண்ணனிடம் போனேன். "ண்ணே, காலைலருந்து கெளவிங்களத் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. குந்திக்கினு சாப்டக்கூட ஒரு பலகை இல்லியா?" என்று கத்தினேன். வார்டு வரைக்கும் கேட்டிருக்கும். குப்பண்ணன் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பர்மனெண்ட்டுக்குப் பலகை கீது, டெம்பரவரிக்குப் பசி கீது. போம்மே!"

குண்டான்

அப்புறம் வந்தாள் ஸ்டெல்லா. காத்திவாக்கத்துப் பெண். புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். என்னைவிடச் சின்னவள், என்னைவிட ஒல்லி, என்னைவிடச் சோம்பேறி. இதை வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வயிற்றெரிச்சலும் உண்டு, ஆனால் இது உண்மையும்கூட.

நான் ஒருத்தியைக் குளிப்பாட்டினால் பாருங்கள். வெந்நீர் பதம் தப்பாது. தலை, முதுகு, கால் இடுக்கு எல்லாம் தேய்த்து, துடைத்து, பவுடர் போட்டு, அடுத்த கட்டில். ஸ்டெல்லாவோ ஒருத்தியை உட்காரவைத்துக்கொண்டு மாதா பாட்டை முனகிக்கொண்டே ஒரு கையை மட்டும் கழுவிக்கொண்டிருப்பாள். பேச்சில் சோப்பு கண்ணில் போய்விடும். வெந்நீர் ஆறிப்போகும். குளிரில் கிழவி நடுங்குவாள், ஆனால் சிரித்துக்கொண்டே நடுங்குவாள்! மறுநாள் காலையில் எந்தக் கட்டிலுக்கு நான் துண்டை எடுத்துக்கொண்டு போனாலும், "ஸ்டெல்லா இல்லியா?"

பிலோமினா டீச்சர் என்று ஒரு அம்மா. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவர்கள், இப்போது நடக்க முடியாமல் கட்டிலில். அவர்களும் அதையே கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னா டீச்சர், நான் தேய்க்கிறதுல இன்னா கொறை கண்டீங்க? சொல்லுங்க, இப்பவே சொல்லுங்க!"

டீச்சர் நிதானமாகத் தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். "சுத்தமாத்தான் தேய்க்கிறே கன்னியம்மா. ஆனா நான் குண்டான் இல்லையே."

கிழங்கா மீன்

முனியம்மா என்று இன்னொரு கட்டில். புளியந்தோப்பு. மில்லில் வேலை பார்த்தவள். உடம்பு இளைத்துப்போய், சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கஞ்சியும் இறங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் கஷ்டம் என்று மேட்ரனிடம் முணுமுணுத்துவிட்டுப் போனார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் காசிமேட்டுக் கரைக்குப் போய்விட்டேன். நோயாளிக்கு ஏற்ற மீன் கிழங்கா. மீன்காரி என்னைப் பார்த்ததுமே கூடையை மூடினாள், அவ்வளவு நல்ல பேர் எனக்கு. இருந்தும் விடவில்லை. செவுளைத் திறந்து காட்டச் சொல்லி, நான் அவள் அம்மாவைத் திட்ட, அவள் என் அப்பனைத் திட்ட, கரையிலிருந்தவர்கள் வேலையை விட்டு வேடிக்கை பார்க்க, கடைசியில் நல்ல மீனாகப் பொறுக்கி வாங்கி வந்தேன். காரமில்லாமல் குழம்பு வைக்கச் சொல்லிக் குப்பண்ணன் தலைமேல் நின்றேன். முள்ளை நானே எடுத்தேன். எல்லாம் முடிந்து கை கழுவப் போன நேரத்தில் ஸ்டெல்லா தட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஊட்ட உட்கார்ந்துவிட்டாள்.

முனியம்மா சாப்பிட்டாள். தட்டு வழிக்கிற அளவுக்குச் சாப்பிட்டாள். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். வாசற்படியில் நின்று, என்ன சொல்லப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"இன்னா ருசிம்மே ஸ்டெல்லா! ஒன் கையால ஊட்டுனா வெறகுகூட உள்ள எறங்கும்."

காய்ச்சல்

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. டெம்பரவரிக்கு லீவு கிடையாது. வராத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. திரைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தேன். தங்கை புருஷன் பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஹோமிலிருந்து ஒரு காக்காய்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் முந்தித்தான் ஸ்டெல்லாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவளும் டெம்பரவரிதானே? வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். உடனே கட்டில் கட்டிலாகக் கலகம். ஸ்டெல்லாவைப் படுக்க வைத்தால்தான் கஞ்சி குடிப்போம் என்று கிழவிகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். மேட்ரன் அம்மா வேறு வழியில்லாமல் காலியாயிருந்த ஒரு கட்டிலில் அவளைப் படுக்கவைத்து, தைலம் தேய்க்கச் சொன்னார்கள். யாரை? என்னைத்தான்! இதையெல்லாம் நினைத்து நினைத்தே என் காய்ச்சல் ஏறியது.

தேறி வந்த அன்று, இளைத்த முகத்தோடு வார்டுக்குள் நுழைந்தேன். ரயில்வே கார்டின் பெண்சாதி ரெபேக்கா அம்மா, ஜன்னலோரக் கட்டில், என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விசாரிக்கப் போகிறார்கள் என்று என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நீ வரலியாம்மா இத்தினி நாளா? ஹோம் ரேடியோதான் ரிப்பேராயிட்ச்சுன்னு நெனச்சேன்."

பொடியும் பெப்பர்மிண்ட்டும்

ஒருநாள் குப்பண்ணன் குழாயடிக்கு வந்து ரகசியம் சொன்னார். ஒரே ஒரு ஆயாவை பர்மனெண்ட் ஆக்கப் போகிறார்கள். நானா, ஸ்டெல்லாவா? மேட்ரன் அம்மா வார்டை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். வாசல் பக்கம் எனக்கு, ஜன்னல் பக்கம் ஸ்டெல்லாவுக்கு. மேட்ரன் அம்மாவே தினமும் தாழ்வாரத்தில் ஊசி நூலோடு உட்கார்ந்து, உள்ளே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். "ரூமும் அவளுக்குத்தான்" என்று குப்பண்ணன் சொன்னதும் எனக்குத் தாழ்ப்பாள் விழுகிற சத்தமே கேட்டது.

என்ன கேட்பார்கள்? யார் பேரைக் கூப்பிடுகிறார்கள் என்றுதானே? இத்தனை நாளாக எல்லாக் கட்டிலும் ஒரே பேரைத்தானே ஜபித்தது? ஹார்பர் கேட்டில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு: கிடைக்காத சரக்கு என்று எதுவும் கிடையாது, பேசத் தெரியாத ஆள்தான் உண்டு. என் பக்கத்து முனியம்மாவுக்கு மேட்ரன் கண்ணில் படாமல் வெற்றிலை. பிலோமினா டீச்சருக்கு மூக்குப்பொடி; ஆமாம், டீச்சர்தான்! பதிலுக்கு அவர்கள் நாளெல்லாம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஜன்னல் பக்கத்தையும் விடவில்லை. ரெபேக்கா அம்மாவுக்கும் அந்த வரிசைக்கும் பெப்பர்மிண்ட். அவர்கள் வாயில் போட்டு அடக்கிக்கொண்டு, ஸ்டெல்லா பேரை எடுக்கவே கூடாது.

எல்லோரும் சரி என்றார்கள். டீச்சர் மட்டும் பொடி டப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்து, மூடி, தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு சொன்னார்கள்: "எத்தனை தடவை கூப்பிடணும்? எனக்கு மூச்சு வாங்கும். அதையும் சேர்த்துப் பேசு."

ஊமைக் கட்டில்கள்

அந்த வாரம் இருந்ததே, அடடா! காலையில் வாசலில் கால் வைக்கும்போதே "கன்னியம்மா!" என்று முனியம்மா. வெற்றிலைச் சாறு வழிய வழிய "ஏ கன்னியம்மா!" தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில் "கன்னியம்மா, இங்கே வா!" என்று டீச்சர். நான் மகாராணி மாதிரி போய் வந்துகொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் ஒரு சத்தமில்லை. கன்னத்தில் பெப்பர்மிண்ட் புடைக்க அத்தனை பேரும் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லா முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பாயசம் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

மேட்ரன் அம்மா கூப்பிட்டனுப்பினார்கள். தலையை வாரிக்கொண்டு போனேன்.

"வாரம் பூரா உன் பேர்தான் கேட்குது கன்னியம்மா."

"எல்லாம் ஒங்க ஆசீர்வாதம்மா."

"ஆசீர்வாதமா? ஒருத்தி ஒழுங்கா கவனிச்சா, படுத்திருக்கிறவங்க எதுக்கு இப்படித் தொண்டை கிழியக் கத்தணும்? தண்ணி வைக்கலையா, துணி மாத்தலையா? ஸ்டெல்லா பக்கம் பாரு. ஒருத்தர் வாயைத் திறந்து ஒரு குறை சொல்லலை. ஸ்டெல்லாதான் பர்மனெண்ட்."

நேரே டீச்சர் கட்டிலுக்குப் போய்க் கத்தினேன். "இவ்ளோ படிச்சவங்களாச்சே, இப்படி ஆவும்னு ஒங்களுக்குத் தோணலியா? சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

டீச்சர் ஒரு சிட்டிகை இழுத்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார்கள். "கூப்பிடச் சொன்னே, கூப்பிட்டேன். யோசிக்கச் சொல்லலையே."

தாழ்ப்பாள்

குழாயடியில் நின்று தட்டை விட்டெறிந்தேன். பொறுக்கினேன். திரும்ப எறிந்தேன். திருவொற்றியூருக்குப் போய் மறுபடி அந்தத் திரைக்குப் பின்னால் படுக்க வேண்டியதுதான். அப்போது ஸ்டெல்லா மேட்ரனிடம் பேசுகிற சத்தம் கேட்டது. தனக்குக் காத்திவாக்கத்தில் வீடு இருப்பதாகவும், அந்த ரூமில் கன்னியம்மா அக்கா இருக்கட்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். டெம்பரவரிக்கு ரூம் கிடையாது என்றார்கள் மேட்ரன் அம்மா. "அது என் ரூம்னுதானம்மா சொன்னீங்க? என் ரூம்ல அக்கா படுத்துக்கினா ஒங்களுக்கு இன்னா?" என்றாள் அவள். அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். மேட்ரன் அம்மாவுக்கும் அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. கொத்திலிருந்து சாவியைக் கழற்றுகிற சத்தம்தான் கேட்டது.

சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பாருங்கள் அநியாயத்தை! கிழவிகளைத் தட்டிக்கொண்டு போனாள், வேலையைத் தட்டிக்கொண்டு போனாள், கடைசியில் நல்லவள் என்கிற பேரையும் எனக்கு முந்தி ஓடித் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"சும்மா எனுக்கு ஒண்ணும் வேணாம்," என்று சீறினேன். "ஒனுக்குத்தான் முதுகு ஆவாதே. முனியம்மாவத் தூக்குறது, மெத்தை பொரட்டுறது எல்லாம் இனிமே என் வேலை. நீ பாட்டுப் பாடிக்கினு குளிப்பாட்டு. ஒத்துக்கினா சாவி, இல்லாட்டி நீயே வச்சிக்க."

ஸ்டெல்லா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பேரம் பேசாம ஒண்ணு வாங்கிக்கினா ஒன் ஒடம்புக்கு ஆவாதாக்கா?"

ஆகாதுதான், தோழிமாரே, ஆனால் இந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே நியாயம் இது: படுத்திருப்பவர்களைப் பார்க்க ஊர் ஆயாவை வைக்கும், அந்த ஆயாவைப் பார்க்க, அவளுக்கு யாரைக் கண்டால் வயிறு எரிகிறதோ அந்த ஆயாவைத் தவிர வேறு நாதி கிடையாது.