மஞ்சள் தடவிய மடி

சாக்கோட்டைக்குப் பக்கத்தில் எனக்கு முப்பத்திரண்டு சென்ட் நிலம் இருக்கிறது. அதில் ஓர் ஓட்டுக் கொட்டகை, பதினான்கு அகத்தி மரம், பால்குட்டிகளைச் சேர்க்காமல் ஏழு ஆடு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கு இது போதும். ஆடுகள் மேயப் போகும்போது ஒருமுறை எண்ணுவேன், திரும்பி வரும்போது இருமுறை. வெளியே போனது எதுவும் போனபடியே திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

சென்ற தை மாதம் கருப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது. கிடாக்குட்டி ஒன்று, பெட்டைக்குட்டி ஒன்று. பதினைந்து நாள் தாயைக் கொட்டகையிலேயே வைத்திருந்தேன். பதினாறாம் நாள் மற்ற ஆடுகளோடு மேய அனுப்பினேன். அன்று தொடங்கியது வினை.

சாயங்காலம் தாய் வந்ததும், குட்டிகளைக் கவிழ்த்து மூடியிருந்த கூடையைத் தூக்கி விடுவேன். கிடாக்குட்டி முட்டி மோதி இருக்கிற பாலைக் குடித்துவிடும். பெட்டைக்குட்டி வெறும் காம்பைச் சப்பிவிட்டுக் கத்தும். அது விழுங்குவதை எண்ணினேன். முதல் நாள் இருபத்திரண்டு மடக்கு. ஐந்தாம் நாள் ஒன்பது. அன்று அதன் பின்னங்கால் இரண்டும் நடுங்கின. பசும்பாலைப் புட்டியில் கொடுத்துப் பார்த்தேன், கழிச்சல் கண்டது. இப்படியே இன்னொரு வாரம் போனால் குட்டி தங்காது என்று தெரிந்துவிட்டது.

தீவனத்தில் குறையில்லை. அகத்தி இரண்டு கட்டு, கடலைக்கொடி ஒரு கூடை, தவிட்டுத் தண்ணீர் ஒரு வாளி, எல்லாம் என் கையால் அளந்து வைத்தது. அப்படியானால் காலை ஒன்பது மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் நடுவில் யாரோ மடியைக் காலி செய்கிறார்கள்.

அந்த நேரத்தில் ஆட்டோடு இருப்பவள் ஒருத்திதான். அடுத்த கொல்லைக்காரி. தன்னுடைய நான்கு ஆடுகளோடு என்னுடையதையும் கண்மாய்க்குள் ஓட்டிப்போய் மேய்ப்பாள். அதற்குப் பதிலாக என் மரத்தில் அகத்தி ஒடித்துக்கொள்வாள். கஞ்சி கொண்டு போக அவளிடம் ஒரு தூக்குவாளி உண்டு. அவள் கை கழுவும் நேரம் பார்த்து அதைத் திறந்து முகர்ந்தேன். புளித்த கஞ்சி வாடைதான். ஏதோ சாக்குச் சொல்லி அவள் வீட்டுக்கும் போனேன். கடுங்காப்பி கொடுத்தாள். பால் இருப்பதை மறைக்கிறாள் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை, குட்டிகள் குடித்து முடித்ததும், காம்பு இரண்டிலும் மஞ்சளை எண்ணெயில் குழைத்துத் தடவி அனுப்பினேன். சாயங்காலம் மடியில் மஞ்சள் இல்லை. பாலும் இல்லை.

"ஏத்தா, கையக் காட்டு."

"எதுக்குப் பெரியப்பா, ரேகை பாக்கப் போறீகளா?"

சிரித்துக்கொண்டே நீட்டினாள். முழங்கை வரை மஞ்சள். "இது எங்க ஒட்டுச்சு?" என்றேன்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமைல்ல? மஞ்சத் தேச்சுக் குளிச்சேன்." பிறகுதான் என் பார்வை போன இடத்தை, அந்த மடியை, அவளும் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அன்று அகத்தி ஒடிக்காமல் போனாள். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் கிழமையை எண்ணவில்லை. ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

மறுநாள் அவள் ஆடுகளை ஓட்டிப் போனதும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கருப்பர் கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவள் தூக்குவாளியைத் திறந்தாள். கஞ்சியைக் குடித்தாள். ஆட்டுப் பக்கம் போகவே இல்லை.

கோயிலுக்குப் பின்னாலிருந்து காது நுனி வெட்டப்பட்ட ஒரு கிடா வந்தது. நேரே என் கருப்பு ஆட்டிடம் போய் முன்னங்கால்களை மடித்து மண்டியிட்டு மடியில் வாய் வைத்தது. அது முட்டிய முட்டில் தாயின் பின்பக்கம் தரையை விட்டு எழும்பியது. தாயோ சாவதானமாகக் கருவேல நெற்றை மென்றுகொண்டிருந்தது. கிடாவின் மூக்கில் நேற்றைய மஞ்சள்.

அது என் கிடா. அதே ஆட்டின் போன ஈற்றுக் குட்டி. என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டுமென்று கருப்பருக்கு நேர்ந்து, காது வெட்டிக் கோயிலில் விட்டிருந்தேன். சாமிக்கு விட்டது நம் கணக்கில் வரக்கூடாது என்று அன்றோடு அதை எண்ணுவதை நிறுத்தியிருந்தேன்.

"எத்தனை நாளாத்தா இது?" அவள் முன்னால் போய் நின்று கேட்டேன்.

"கருப்பி மேய வந்த நாள்லருந்துதான்."

"அடிச்சு வெரட்ட வேண்டியதுதானே?"

"நல்லா இருக்கே! நேந்து விட்டது நீங்க, சாமி கெடாவ அடிச்ச பாவம் எனக்கா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"போகையிலயும் வரையிலயும் எண்ணுறீக. உங்களுக்குத் தெரியாம இருக்கும்னு நான் கண்டேனா? நேத்து எங் கையப் பாக்குற வரைக்கும் மனசறிஞ்சுதான் விட்டிருக்கீகன்னு இருந்தேன்."

நான் கிடாவிடம் போய்க் குடையை ஓங்கினேன். அது மஞ்சள் மூக்கோடு திரும்பிப் பார்த்தது. என் இரண்டு கண்ணும் இப்போது நன்றாகத் தெரிகிறதே என்ற நினைப்பு வந்தது. குடையை இறக்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவளே என் பழைய வேட்டியைக் கிழித்து மடிக்கு ஒரு பை தைத்தாள். முதுகுக்கு மேல் நாடாவால் கட்டும்படி. நான்காம் நாள் பெட்டைக்குட்டி ஐம்பத்தைந்து மடக்கு குடித்தது. கால் நடுக்கம் நின்றது.

இப்போது தினமும் காலையில் ஆடுகளை ஓட்டுவதற்கு முன் கொட்டகை வாசல் படலருகே நின்று அவள் இரண்டு கையையும் நீட்டுகிறாள். "எண்ணிக்கிருங்க பெரியப்பா, வெரலு பத்தும் இருக்கா?"

"போத்தா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். சாயங்காலம் அவள் கையைப் பார்ப்பதில்லை. பையின் முடிச்சை மட்டும் எண்ணிப் பார்க்கிறேன். காலையில் நான் போடுவது இரண்டு முடிச்சு.