மாடி வீட்டு ஃபிரிட்ஜ்

தங்கச்சிமடத்தில் ஒரே வீட்டில் நாங்கள் கீழேயும் ஜெசிந்தா மாடியிலுமாக வாடகைக்கு இருக்கிறோம். மீட்டர் தனித்தனி. அவளிடமும் ஃபிரிட்ஜ் உண்டு, டி.வி. உண்டு. ஆனாலும் அவள் கரண்ட் செலவு இலவச யூனிட்டுக்குள் அடங்கிவிடும். கணக்கெடுப்பவர் "மாடிக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பொறுக்காமல் ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டேன். "ஃபிரிட்ஜ அணைச்சுத்தான் வச்சிருக்கோம்க்கா" என்று சிரித்தாள். பகலில் அணைக்கிறாள் போலும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவளால் முடிவது என்னால் முடியாதா? தினமும் சமையல் முடிந்ததும் ஃபிரிட்ஜை அணைத்து, சாயங்காலம்தான் போட்டேன். உள்ளே கணவரின் இன்சுலின் இருப்பதை நினைக்கவே இல்லை. மூன்றாவது வாரம், ஊசி தவறாமல் போட்டும் சர்க்கரை ஏறி அவர் மயங்கி விழுந்தார்.

"மருந்த எங்கம்மா வைக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டபோதுதான், பகலெல்லாம் அணைந்துகிடந்த ஃபிரிட்ஜ் என் நினைவுக்கு வந்தது.

இரண்டு நாளில் அவர் தேறிவிட்டார். புது மருந்தோடு வீடு திரும்பினால், அணைத்துவிட்டுப் போன ஃபிரிட்ஜ் வெதுவெதுவென்று இருந்தது. மருந்தை வைக்க மாடிக்கு ஓடி, ஜெசிந்தா தடுப்பதற்குள் அவள் ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே மடித்துவைத்த பள்ளிச் சீருடைகள் இருந்தன.

"உப்புக்காத்துல கெட்டு ரெண்டு வருசமாச்சுக்கா. புதுசு வாங்க ஏலல. வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

இப்போது நான் ஃபிரிட்ஜை அணைப்பதே இல்லை. அதில் ஒரு தட்டு அவள் வீட்டு மீனுக்கு. கணக்கெடுப்பவர் "மாடிக்கு ஒண்ணுமில்ல" என்னும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறேன்.