மகளுக்கு முளைக்காத பல்

என் மகளுக்கு ஒன்பது வயதாகியும் மேல்வரிசையில் ஒரு முன்பல் முளைக்கவே இல்லை. சங்கரன்கோவிலில் ஒரு பல் மருத்துவரிடம் நானும் மனைவியும் அவளை அழைத்துப் போனோம். அந்த அம்மா எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பல் ஈறுக்குள்தான் இருந்தது. ஆனால் அதன் வேர் கொஞ்ச தூரம் நேராகப் போய், அங்கிருந்து மடங்கித் திரும்பியிருந்தது.

“பிள்ளை சின்ன வயசுல வாயில அடிபட விழுந்தாளா?” என்று மருத்துவர் கேட்டார். “பால்பல் அடிபட்டு மேல ஏறினா, உள்ள வளருற பல்லை இடிச்சிரும். அதுக்கப்புறம் வேர் இப்படிக் கோணலா வளரலாம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: “ரெண்டரை வயசுல விழுந்தா டாக்டர். நான்தான் வாசலைக் கழுவிட்டுத் தொடைக்காம விட்டுட்டேன். வழுக்கிட்டா. எல்லாம் என்னாலதான்.”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் வழுக்கி விழவில்லை. அன்று சாயங்காலம் அவளை பைக்கில் முன்னால் உட்காரவைத்து, திருவேங்கடம் ரோட்டில் ஒரு சுற்றுப் போனேன். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே போனில் வந்த செய்தியைப் பார்த்தேன். வேகத்தடை கண்ணில் படவில்லை. வண்டி தூக்கிப்போட்டதில் குழந்தையின் வாய் ஹேண்டில்பாரில் மோதியது. சட்டையெல்லாம் ரத்தம். வீடு வந்து இறங்கியபோது வாசல் ஈரமாக இருந்தது. உள்ளேயிருந்து மனைவி ஓடிவந்தாள். “வாசல்ல வழுக்கிட்டா” என்று சொல்லிவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவளுடைய அம்மா வந்து அவளைத் திட்டித் தீர்த்தபோதும், பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரே எடுத்த மூன்றாம் நாள் காலையில் மனைவி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். “ஸ்கூல்ல யாராச்சும் பொக்கைன்னு கேலி பண்ணா, எங்கம்மாதான் காரணம்னு சொல்லிரு, என்னட்டி” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், குரல் உடைந்துவிட்டது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. பிள்ளை முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை நின்றது.

“ஆறு வருசமா?” என்றாள். “எங்கம்மா என்னை ஏசும்போது பக்கத்துலதான இருந்தீங்க?”

“ஆமா.”

ரிப்பனைக் கட்டி முடித்து, மகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தாள். “டாக்டர்ட்டயும் எங்கம்மாட்டயும் நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

மாமியாரிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். மருத்துவரோ, “எப்படி அடிபட்டாலும் வைத்தியம் ஒண்ணுதான் சார்” என்றார். கீழே இழுத்துக் கொண்டுவர முடியாத அளவுக்கு வேர் வளைந்திருந்ததால் ஈறை அறுத்துத்தான் பல்லை எடுத்தார்கள். இப்போதைக்குக் கழற்றி மாட்டுகிற பல். வளர்ந்த பிறகு நிரந்தரமாக வைக்கலாமாம்.

எடுத்த பல்லை மகள் ஒரு டப்பாவில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்தில், அவள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள்.

“மாமா, போன் பாத்துக்கிட்டே வண்டி ஓட்டுனது நீங்கதானா?”

டீச்சர் அவளை அதட்டினார். “கேக்கட்டும் டீச்சர்” என்று மனைவி சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை.

“நான்தாம்மா” என்றேன்.